புது சீசன் வந்தாச்சு, வீட்டில் டிவி ஒன்றுதான்: எதற்கு இடம் கொடுப்பது?

அக்டோபர் பிறந்தாலே சேலத்தில் இந்தப் பேச்சு தொடங்கிவிடும். ஐந்து ரோடு டீக்கடையிலோ, செவ்வாய்ப்பேட்டை மளிகைக் கடையிலோ, அஸ்தம்பட்டியில் பிள்ளைகளை அழைத்துப்போகக் காத்திருக்கும் பெற்றோர் நடுவிலோ, எங்கே நின்றாலும் "பிக் பாஸ் புது சீசன் எப்படி, பார்க்கலாமா?" என்று யாராவது கேட்கிறார்கள். ஒருவர் "செம" என்கிறார். பக்கத்தில் நிற்பவர் "போன சீசன்ல பாதி கூட இல்ல" என்கிறார். இரண்டு பேரும் மனதில் பட்டதைத்தான் சொல்கிறார்கள். ஆனால் முதலாமவர் எட்டரை மணிக்குக் கடையை அடைத்து, சாப்பிட்டு முடித்து, முதல் நிமிடத்திலிருந்து பார்ப்பவர். மற்றவர் உருக்காலையில் பத்து மணிக்கு ஷிஃப்ட் முடிந்து வீடு வந்து, கடைசிக் கால் மணி நேரத்தை மட்டும் பார்ப்பவர்.

அதனால் அடுத்தவர் அபிப்பிராயத்தைக் கேட்கும்போது, அவர் எத்தனை மணிக்கு, யாரோடு உட்கார்ந்து பார்த்தார் என்பதையும் சேர்த்தே கேட்டுக்கொள்ள வேண்டும். என்னிடம் கேட்பவர்களின் வீட்டு நிலைமை பெரும்பாலும் ஒன்றுதான். ஹாலில் ஒரு டிவி, பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள், சீரியலை விடாத பாட்டி, ராத்திரி தாமதமாக வரும் அப்பா. எல்லோரும் சேர்ந்து உட்காரக் கிடைப்பது நாளுக்கு ஒரு மணி நேரம், மிஞ்சினால் ஒன்றரை. அந்த நேரத்துக்குப் போட்டியிடும் ஐந்து வகை நிகழ்ச்சிகளை இங்கே எடைபோட்டுப் பார்க்கிறேன்: பிக் பாஸ் போன்ற நூறு நாள் நிகழ்ச்சி, சமையலும் காமெடியும் கலந்த வார இறுதி நிகழ்ச்சி, பாட்டுப் போட்டி, தினசரி சீரியல், ஓடிடி வெப் சீரிஸ்.

## முதலில் அளவுகோல்கள்

மொத்த நேரம். ஒரு எபிசோடு எவ்வளவு என்று எல்லோரும் பார்க்கிறார்கள். சீசன் முழுக்க எத்தனை மணி நேரம் போகும் என்று கூட்டிப் பார்ப்பவர்கள் குறைவு. கூட்டிப் பார்த்தால் முடிவு பல வீடுகளில் மாறிவிடும்.

ஒரு நாள் விட்டால் என்ன ஆகும். சேலத்தில் ஒரு வாரத்தில் ஒரு கல்யாணமோ வளைகாப்போ வராத வீடு ஏது? நடுவில் இரண்டு நாள் விட்டாலும் தொடர முடிகிறதா என்பது முக்கியம்.

கண் வேண்டுமா, காது போதுமா. இதை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். செவ்வாய்ப்பேட்டை, குகை பக்கம் வெள்ளிக் கொலுசு செய்யும் வீடுகளில் பட்டறையும் ஹாலும் ஒன்றேதான். கண்ணியைக் கோத்து, வாயைச் சேர்த்து, நெருப்பைக் காட்டிப் பற்றவைக்கும்போது கண்ணை ஒரு நொடி எடுக்க முடியாது. டிவி மேலே அலமாரியில் ஓடிக்கொண்டிருக்கும், வேலை செய்பவர்கள் குனிந்தபடியே கதையைக் கேட்பார்கள். "அவ இப்ப அழுவுறாளா, நடிக்கிறாளா?" என்று ஒருவர் கேட்க, நிமிர்ந்து பார்க்க வாய்த்தவர் பதில் சொல்வார். விசைத்தறி ஓடும் வீட்டில் நிலைமை நேரெதிர். தறிச் சத்தத்தில் வசனம் ஒன்றும் காதில் விழாது, படம் மட்டுமே மிச்சம். ஒரே நிகழ்ச்சி இந்த இரண்டு வீட்டிலும் ஒரே மாதிரி பிடிக்க வழியே இல்லை.

மூன்று தலைமுறையும் ஒரே அறையில் உட்காரலாமா. நடுவில் ரிமோட்டைத் தேடி ஓட வேண்டி வந்தால் அது குடும்ப நிகழ்ச்சி இல்லை.

செலவு. கேபிள் கட்டணம், ஓடிடி சந்தா, செல்போன் டேட்டா. கரண்ட் பில் பெரிய விஷயமில்லை. 50 வாட் இழுக்கும் ஒரு எல்இடி டிவியை நாளுக்கு ஒரு மணி நேரம் ஓடவிட்டால் இரண்டு மாதத்துக்கு 3 யூனிட்தான் ஆகும்.

மறுநாள் பேச்சு. இதைச் சிலர் சில்லறை விஷயமாக நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தனியாக இருக்கும் ஒரு பாட்டியிடம் பக்கத்து வீட்டுப் பெண் "நேத்து பாத்தீங்களா ஆயா?" என்று கேட்டு நிற்கும் அந்த ஐந்து நிமிடத்துக்காகவே ஒரு நிகழ்ச்சியைப் பார்க்கலாம்.

## ஒரு பார்வையில்

| வகை | சீசனுக்கு ஆகும் நேரம் (தோராயம்) | ஒரு நாள் விட்டால் | கண்ணா, காதா | பிள்ளைகளோடு |
|---|---|---|---|---|
| நூறு நாள் நிகழ்ச்சி | 100 மணிக்கு மேல் | வார இறுதியில் பிடித்துவிடலாம் | இரண்டும் | யோசிக்க வேண்டும் |
| சமையல் காமெடி | 26 வாரம் ஓடினால் 78 மணி | ஒன்றும் ஆகாது | கண் | தாராளமாக |
| பாட்டுப் போட்டி | ஏறக்குறைய அதே அளவு | ஒன்றும் ஆகாது | காது | தாராளமாக |
| தினசரி சீரியல் | வருடத்துக்கு 156 மணி | பக்கத்து வீட்டில் கேட்டுக்கொள்ளலாம் | காது | சீரியலைப் பொறுத்தது |
| வெப் சீரிஸ் | 6 மணி | கேள்வியே இல்லை | கண்ணும் கவனமும் | பெரும்பாலும் வேண்டாம் |

வார இறுதி நிகழ்ச்சிகளுக்கு வாரம் மூன்று மணி நேரம் என்றும், சீரியலுக்கு வாரம் ஆறு நாள், நாளுக்கு அரை மணி என்றும் வைத்துப் போட்ட கணக்கு இது. விளம்பர நேரமும் இதில் அடக்கம்.

## நூறு நாள் நிகழ்ச்சி

பிக் பாஸ் தமிழ் 2017 ஜூனில் விஜய் டிவியில் தொடங்கியது. முதல் மூன்று சீசன்களும் ஜூன் மாதத்தில் ஆரம்பித்தவை. 2020ல் அக்டோபருக்கு மாறியது, அதற்குப் பிறகு அக்டோபர்தான் வழக்கமாகிவிட்டது. ஏழு சீசன்களைக் கமல்ஹாசன் நடத்தினார், 2024ல் எட்டாவது சீசனிலிருந்து விஜய் சேதுபதி வந்தார். "கமல் சார் மாதிரி வருமா" என்ற விவாதம் சேலத்தில் இன்னும் ஓயவில்லை. என் கருத்தைச் சொல்கிறேன். கமல் ஒரு தவறைச் சுற்றி வளைத்துப் பேசி, கேட்பவரே உணரும்படி கொண்டுபோவார். விஜய் சேதுபதி நேராகக் கேட்டு, பதில் வராவிட்டால் வெட்டிவிட்டு அடுத்தவரிடம் போவார். பெரியவர்களோடு பார்க்கும் வீட்டுக்கு முதல் பாணி பொருந்தியது, சீக்கிரம் விஷயத்துக்கு வர வேண்டும் என்பவர்களுக்கு இரண்டாவது பொருந்துகிறது.

இந்த மாத மாற்றத்தைப் பலர் கவனிப்பதில்லை. ஜூனில் தொடங்கியபோது பள்ளிக்கூடம் திறந்த புதிது, பரீட்சை தூரத்தில் இருந்தது. இப்போது காலாண்டு முடிந்த கையோடு தொடங்கி, டிசம்பர் அரையாண்டுத் தேர்வைத் தாண்டி, பொங்கலை ஒட்டி முடிகிறது. பத்தாவதும் பன்னிரண்டாவதும் படிக்கும் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இது நேரடியாக இடிக்கும். பிள்ளையை அறைக்குள் அனுப்பிக் கதவைச் சாத்தினாலும் ஹாலில் நடக்கும் சண்டை உள்ளே கேட்கத்தான் செய்யும்.

மறைமுகச் செலவு தூக்கம். இரவு ஒன்பதரைக்கு மேல் தொடங்கி, முடிந்த பிறகு "யார் பக்கம் நியாயம்" என்று வீட்டுக்குள் இன்னும் அரை மணி நேரம் போகும். 2022ல் ஆறாவது சீசனிலிருந்து ஆப்பில் 24 மணி நேர நேரலையும் வந்துவிட்டதால், ஆர்வம் உள்ளவர்களுக்கு முடிவே இல்லாமல் போய்விட்டது. நூறு மணி நேரம் என்று போட்ட கணக்கு நேரலை பார்ப்பவர்களுக்குப் பொருந்தாது. இன்னொன்று, வார இறுதிப் பகுதியை முன்கூட்டியே படம்பிடித்துவிடுவதால், யார் வெளியேறினார் என்பது ஒளிபரப்புக்கு முன்பே கசிந்துவிடுகிறது. ஞாயிறு இரவு ஆவலோடு உட்காருபவருக்குச் சனிக்கிழமையே யாராவது வாட்ஸ்அப்பில் அனுப்பியிருப்பார்கள்.

நல்ல பக்கமும் உண்டு, அதைக் குறைத்துச் சொல்லக் கூடாது. மறுநாள் பேச்சுக்கு இதற்கு ஈடான நிகழ்ச்சி வேறில்லை. மூன்று மாதம் ஒரே ஆட்களைப் பார்ப்பதால், மனிதர்கள் நெருக்கடியில் எப்படி மாறுகிறார்கள் என்பதை ஒரு குடும்பமே சேர்ந்து பேச முடிகிறது. ஏழாவது சீசனில் நடுவில் நுழைந்த அர்ச்சனா பட்டம் வென்றபோது, "பாதியில் வந்தவருக்குக் கொடுக்கலாமா" என்று நடந்த வாதங்களில் சின்னப் பிள்ளைகள்கூடக் காரணம் சொல்லிப் பேசினார்கள். அப்படி ஒரு பேச்சு சாப்பாட்டு நேரத்தில் நடப்பது நல்லதே.

யாருக்குப் பொருந்தும்: பிள்ளைகள் கல்லூரிக்குப் போன வீடு, விடுதியிலோ வாடகை அறையிலோ நண்பர்களோடு தங்கி வேலைக்குப் போகும் இளைஞர்கள், சீக்கிரம் எழ வேண்டாதவர்கள். மற்ற வீடுகளுக்கு ஒரு நடு வழி: வார நாட்களை விட்டுவிட்டு, சனி ஞாயிறு மட்டும் பாருங்கள். அந்த வாரச் சண்டை முழுவதையும் தொகுப்பாளரே மேடையில் மறுபடி எடுத்துப் பேசிவிடுவதால் இழப்பு மிகக் குறைவு, நேரமும் மூன்றில் ஒரு பங்காகிவிடும்.

## சமையலும் காமெடியும்

குக்கு வித் கோமாளி 2019 நவம்பரில் தொடங்கியது. இரண்டாவது சீசன் கொரோனா காலத்தில் வந்து வீடு வீடாகப் பரவியது. சமைக்கத் தெரிந்தவரோடு சமைக்கத் தெரியாத கோமாளியை ஜோடி சேர்த்துவிடுவது என்ற ஒரே யோசனை, இத்தனை சீசன் தாங்கியிருக்கிறது. தாமுவும் வெங்கடேஷ் பட்டும் நடுவர்களாக இருந்தது பலருக்குப் பழகிய ஜோடி. 2024ல் வெங்கடேஷ் பட் சன் டிவியின் டாப் குக்கு டூப் குக்கு நிகழ்ச்சிக்குப் போனார், இங்கே மாதம்பட்டி ரங்கராஜ் வந்தார். அன்றிலிருந்து "எந்தப் பக்கம்?" என்ற கேள்வி இதற்கும் ஒட்டிக்கொண்டது. நடுவரைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள் என்பேன். இதில் நிகழ்ச்சியைத் தூக்கி நிறுத்துவது கோமாளிகள்தான். அவர்களுக்குள் ஒத்துப்போகும் சீசன் நன்றாக இருக்கும், ஒத்துப்போகாத சீசனில் சத்தம் மட்டும் மிஞ்சும். முதல் மூன்று எபிசோடிலேயே அது தெரிந்துவிடும்.

இதற்குக் கண் வேண்டும். முகபாவம், திரையில் ஓடும் மீம், பின்னால் ஒருவர் திருட்டுத்தனமாக உப்பைக் கொட்டுவது எல்லாம் காதுக்கு வராது. கொலுசுப் பட்டறையில் இது எடுபடாது, தறி ஓடும் வீட்டில் நன்றாக எடுபடும்.

மறைமுகச் செலவு இரண்டு. ஒன்று, பிள்ளைகள் பார்த்ததைக் கேட்பார்கள். சீஸ், க்ரீம், ஓவன் என்று சமையலறைப் பட்ஜெட் ஏறும். செய்முறை கற்றுக்கொள்ளலாம் என்று நினைத்துப் பார்க்கத் தொடங்கினால் ஏமாற்றம்தான், அளவும் பக்குவமும் கேலி கூத்துக்கு நடுவில் காணாமல் போய்விடும். இரண்டாவது, சனி ஞாயிறு மாலை சேலத்துக்காரர்கள் வெளியே போகும் நேரம். தட்டுவடை செட் வண்டியைச் சுற்றி நின்று, துருவிய பீட்ரூட்டும் கேரட்டும் சட்னியும் வைத்த தட்டுவடையை வாய் நிறையத் திணித்துக்கொள்ளும் அந்த மாலையை ஒரு நிகழ்ச்சிக்காக விட்டுக்கொடுக்கச் சொல்ல எனக்கு மனம் வராது. நல்லவேளையாக, இதில் ஒரு வாரம் விட்டால் எதுவும் புரியாமல் போகாது. ஒரு எபிசோடைத் தனியாக எடுத்துப் பார்த்தாலும் முழுசாக இருக்கும்.

யாருக்குப் பொருந்தும்: சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீடு, வாரம் முழுக்க உழைத்து வார இறுதியில் சிரித்தால் போதும் என்று இருப்பவர்கள், நாள் தவறாமல் உட்கார முடியாதவர்கள்.

## பாட்டுப் போட்டி

விஜய் டிவியின் சூப்பர் சிங்கர் 2006ல் வந்தது. ஜீ தமிழில் சரிகமப இருக்கிறது. சன் டிவி வந்த காலத்திலிருந்தே பாட்டு நிகழ்ச்சி நமக்குப் புதிதில்லை, ஆனால் ஒரே ஆளை மாதக்கணக்கில் பின்தொடர்ந்து அவர் குரல் தேறுவதைக் கேட்பது இந்தப் போட்டிகளில்தான் கிடைத்தது.

இந்த ஐந்தில் எந்த வீட்டுக்கும் பயமில்லாமல் சொல்லக்கூடியது இதுதான். காது போதும், பட்டறையில் வேலை நிற்காது. பாட்டிக்குத் தெரிந்த பழைய பாட்டு ஒன்று வரும், பேத்திக்குப் பிடித்த புதுப் பாட்டு ஒன்று வரும். பாதியில் எழுந்து போய்த் தோசை ஊற்றிவிட்டு வரலாம். 2018ல் ஆறாவது சீசனில் செந்தில் கணேஷ் நாட்டுப்புறப் பாட்டோடு வந்து பட்டம் வென்றது, கோயில் திருவிழாவில் மட்டும் கேட்டுக்கொண்டிருந்த பாட்டுக்கு ஹாலில் இடம் கொடுத்தது. ஆடியில் கோட்டை மாரியம்மன் பண்டிகைக்கு ஊரே கூடும் சேலத்தில், அந்தப் பாட்டுகள் யாருக்கும் அந்நியமில்லை. அந்த சீசனை இன்னும் சிலர் பெயர் சொல்லி நினைவு வைத்திருப்பதற்குக் காரணம் அதுதான் என்று நினைக்கிறேன்.

குறையையும் சொல்லத்தான் வேண்டும். பாட்டைவிடப் பாட்டுக்கு முன்னும் பின்னும் நடப்பது நீண்டுகொண்டே போகிறது. பாடுபவரின் வறுமையைப் படமாக எடுத்துப் போட்டு, அம்மாவை மேடைக்கு வரவைத்து, அழுகைக்கு ஒரு இசையும் சேர்த்துப் பத்து நிமிடம். சிறுவர் போட்டியில் இது இன்னும் கஷ்டம். எட்டு வயதுப் பிள்ளை வெளியேற்றப்பட்டு அழுவதைக் காட்டுவது எனக்குக் கொஞ்சமும் ஏற்பில்லை. பார்க்கும் வீட்டுப் பிள்ளைகள் மேலும் அது விழுகிறது. நன்றாகப் பாடும் பிள்ளையை உடனே போட்டிக்கு அனுப்ப வேண்டும் என்ற ஆசை பெற்றோருக்கு வருகிறது. பாட்டு வகுப்புக் கட்டணம், தேர்வுக்குச் சென்னை போய்வரும் செலவு, திரும்பி வந்த பிறகு பிள்ளையின் முகம். இதையெல்லாம் சேர்த்தே கணக்கில் வையுங்கள். பிள்ளைக்குப் பாட்டில் விருப்பம் வந்தால் பக்கத்துத் தெருவில் நல்ல வாத்தியாரிடம் சேர்த்துவிடுங்கள், போட்டியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

யாருக்குப் பொருந்தும்: கைவேலை நடக்கும் வீடு, வயதானவர்களும் பிள்ளைகளும் சேர்ந்து இருக்கும் வீடு, சண்டை சச்சரவைக் கேட்டுத் தூங்கப் போக விரும்பாதவர்கள்.

## தினசரி சீரியல்

சீரியலைக் கேலி செய்வது சுலபம், அதைச் செய்யப் போவதில்லை. பகல் முழுக்க வீட்டு வேலையும் பட்டறை வேலையும் பார்த்த பெண்ணுக்கு, நாளில் அரை மணி நேரம் தனக்கென்று இருப்பது இதுதான். சித்தி 1999ல் வந்தபோது ஒன்பதரை மணிக்குத் தெருவே அமைதியானதைப் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எதிர்நீச்சல் 2022ல் தொடங்கியபோது, படித்த மருமகள்கள் ஒரு வீட்டுக்குள் அடங்கிக் கிடப்பதைக் காட்டியது சேலத்துப் பெண்களுக்கு வெறும் கதையாக இருக்கவில்லை. அதில் குடும்பத் தலைவராக நடித்த மாரிமுத்து 2023 செப்டம்பரில் மறைந்தபோது, சொந்தத்தில் ஒருவர் போனது போலவே துக்கம் பேசினார்கள். திட்டித் தீர்த்த பாத்திரத்தில் நடித்தவருக்காக அழுதார்கள் என்றால் அந்த ஈடுபாடு எவ்வளவு ஆழமானது!

மறைமுகச் செலவு, முடிவு தெரியாதது. கோலங்கள் 2003ல் தொடங்கி 2009 வரை ஓடியது. எதிர்நீச்சல் 2024 ஜூனில் முடிந்தது, அதே ஆண்டு டிசம்பரில் அடுத்த பாகம் வந்துவிட்டது. புது சீரியல் ஒன்றைத் தொடங்கும்போது வருடத்துக்கு 156 மணி நேரம் என்று மட்டும் நினைக்காதீர்கள், எத்தனை வருடம் என்பது உங்கள் கையில் இல்லை. அதோடு ஒன்று இரண்டாகும். ஏழரைக்கு ஒன்று பார்த்தால் எட்டு மணிக்கு வருவதையும் விடமாட்டோம். மூன்று சீரியல் பார்க்கும் வீட்டில் வருடத்துக்கு 468 மணி நேரம் போகிறது. பத்தொன்பதரை நாள், இரவு பகலாக.

பிள்ளைகள் விஷயத்தில் சீரியலைப் பார்த்து முடிவெடுங்கள். விஷம் வைப்பது, கடத்துவது, பெண்ணை அடிப்பது என்று போகும் கதையைப் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதும் பிள்ளை கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது. உழைத்துப் பிழைக்கும் ஆட்களைச் சுற்றி நகரும் கதைகளும் இருக்கின்றன. சிறகடிக்க ஆசையில் டாக்சி ஓட்டும் நாயகனும் பூக்கட்டி விற்கும் நாயகியும் பணத்தைப் பற்றிப் பேசுவது நம் வீடுகளில் பேசுவது மாதிரியே இருக்கும். புதுசாக ஒன்று தேடுபவர்களுக்கு அந்த மாதிரிக் கதையைத் தேர்ந்தெடுக்கச் சொல்வேன்.

யாருக்குப் பொருந்தும்: கைவேலை செய்பவர்கள், வீட்டில் தனியாக இருக்கும் முதியவர்கள், மறுநாள் பேச ஒரு துணை உள்ளவர்கள். ஒன்று போதும். இரண்டாவதைத் தொடங்க வேண்டுமென்றால் முதலாவதை விட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

## வெப் சீரிஸ்

சுழல், விலங்கு, அயலி என்று 2022லிருந்து தமிழில் நல்ல தொடர்கள் வரத் தொடங்கின. எட்டு எபிசோடு, ஆறு மணி நேரம், கதை முடிந்துவிடும். நேரக் கணக்கில் இதோடு எதுவும் போட்டியிட முடியாது.

ஆனால் இது பெரும்பாலும் தனி ஆள் பார்க்கும் பொருள். கெட்ட வார்த்தையும் ரத்தமும் வருவதால் ஹாலில் போட முடியாமல், செல்போனில் ஹெட்செட்டோடு ஒரு மூலையில் ஒருவர். வீட்டில் நான்கு பேர் நான்கு மூலை. அயலி இதற்கு விதிவிலக்கு. வயதுக்கு வந்தால் படிப்பை நிறுத்திவிடும் ஊரில் ஒரு பெண் டாக்டராக நினைப்பதைச் சொல்லும் அந்தத் தொடரை வளர்ந்த பெண் பிள்ளையோடு அம்மாவும் அப்பாவும் உட்கார்ந்து பார்க்கலாம், பார்க்க வேண்டும்.

செலவுதான் இங்கே பெரிய விஷயம். ஒன்று ஒரு ஆப்பில், இன்னொன்று வேறு ஆப்பில். பிரைம் வேண்டும், ஜீ5 வேண்டும், விஜய் டிவி நிகழ்ச்சிகளுக்கு ஜியோ ஹாட்ஸ்டார், சன் டிவிக்கு சன் நெக்ஸ்ட். எல்லாவற்றுக்கும் வருடச் சந்தா கட்டி, ஒன்றைத் திறந்தே பார்க்காத வீடுகள் நிறைய. தெளிவான படத்தோடு ஒரு மணி நேரம் பார்த்தால் ஒரு ஜிபி அளவுக்கு டேட்டா போய்விடும், நாளுக்கு ஒன்றரை ஜிபி திட்டத்தில் மீதி நாளுக்கு அரை ஜிபிதான் இருக்கும். அடுத்த சீசனுக்கான காத்திருப்பும் நீளம். சுழல் முதல் சீசன் 2022 ஜூனில், இரண்டாவது 2025 பிப்ரவரியில். யார் யாருக்கு என்ன உறவு என்பதே மறந்துபோகும்.

யாருக்குப் பொருந்தும்: ஷிஃப்டில் வேலை செய்பவர்கள், தினமும் ஒரே நேரத்துக்கு உட்கார முடியாதவர்கள், பொங்கல் விடுமுறையில் ஒரே மூச்சில் பார்த்து முடிக்க நினைப்பவர்கள். தொடர் முழுவதும் வந்த பிறகு ஒரு மாதச் சந்தா மட்டும் கட்டினால் போதும்.

## ஏற்காட்டில் இருப்பவர்களுக்குத் தனியாக

சேலத்தில் சொன்ன கணக்கு இருபது கொண்டை ஊசி வளைவு ஏறிவிட்டால் அப்படியே செல்லாது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. பெருமழையில் டிஷ் சிக்னல் விழுந்துவிடும், டிடிஎச் பயன்படுத்தும் அலைவரிசையின் இயல்பு அது. நமக்கு டிடிஎச் செயற்கைக்கோள்கள் கிழக்குக்கும் தெற்குக்கும் இடைப்பட்ட திசையில்தான் இருக்கின்றன. அந்தப் பக்கம் சில்வர் ஓக் மரம் உயர்ந்து நிற்கும் எஸ்டேட் வீட்டில், மழை இல்லாத நாளிலும் படம் உடைந்து உடைந்து வரும். டிஷ்ஷை மாற்றுவதற்கு முன், அது நிற்கும் இடத்தை மாற்றிப் பாருங்கள். காற்றடித்துக் கிளை விழுந்தால் கரண்டும் போகும். நூறு நாள் நிகழ்ச்சி பெரும்பாலும் இந்த மழைக்காலத்துக்குள் விழுகிறது என்பதை நினைவில் வையுங்கள்.

அதே மாதங்களில்தான் காப்பிப் பழம் பறிப்பும் சூடு பிடிக்கும். விடிவதற்கு முன் எழுந்து, சோறு கட்டிக்கொண்டு, குளிரில் தோட்டத்துக்கு நடக்கும் பெண்களுக்கு இரவு பத்தரை மணி வரை உட்காருவது உடம்பைக் கெடுக்கும். இவர்களுக்கு ஏழு மணி, ஏழரை மணி சீரியல் ஒன்றுதான் சரி.

ஒண்டிக்கடை, ஏரிப் பக்கம் லாட்ஜிலும் ஓட்டலிலும் வேலை செய்பவர்களுக்கு வார இறுதி என்று ஒன்று கிடையாது. சனி ஞாயிறு அவர்களுக்கு மூச்சுவிட நேரமிருக்காது, மே மாதக் கோடை விழா சமயத்தில் சொல்லவே வேண்டாம். சமையல் காமெடியும் பாட்டுப் போட்டியும் எவ்வளவு நல்லவையாக இருந்தாலும் நேரத்துக்குப் பார்க்க முடியாது. திங்கள் செவ்வாயில் ஆப்பில் பார்ப்பதுதான் வழி. அதற்கும் எஸ்டேட்டின் பள்ளமான பகுதிகளில் செல்போன் சிக்னல் இருக்காது. டவுனுக்கு வரும்போது டவுன்லோடு செய்து எடுத்துப்போவது நடைமுறையில் நன்றாக வேலை செய்கிறது.

## என் தேர்வு

பள்ளிப் பிள்ளைகளும் பாட்டியும் இருக்கும், ஒரே டிவி உள்ள சேலத்து வீட்டுக்கு நான் சொல்வது: வார நாளில் பாட்டிக்கு ஒரு சீரியல், வார இறுதியில் எல்லோருக்கும் பாட்டுப் போட்டி. பிள்ளைகள் ரொம்பச் சின்னவர்கள் என்றால் பாட்டுப் போட்டிக்குப் பதில் சமையல் காமெடி. நூறு நாள் நிகழ்ச்சி வேண்டும் என்று வீட்டில் ஒருவர் அடம் பிடித்தால் சனி ஞாயிறு மட்டும், அதுவும் டிசம்பர் பரீட்சை வாரங்களை விட்டுவிட்டு. பொதுத் தேர்வு எழுதும் பிள்ளை இருந்தால் இந்த வருடம் அது வேண்டாம், அடுத்த அக்டோபரில் புது சீசன் எப்படியும் வரும்.

கல்யாணமான புதுசில் தனிக்குடித்தனம் இருப்பவர்கள், ஷிஃப்ட் வேலைக்காரர்கள், தறி வீட்டுக்காரர்கள் ஆகியோருக்கு இந்த வரிசை பொருந்தாது, மேலே ஒவ்வொரு வகையிலும் "யாருக்குப் பொருந்தும்" என்று சொன்னதைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கலாம்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் முதல் இரண்டு வாரத்தைச் சோதனையாக வையுங்கள். அந்த இரண்டு வாரத்தில் வீட்டில் யார் எழுந்து போகிறார்கள், யார் செல்போனை எடுக்கிறார்கள் என்று பாருங்கள். இரண்டு பேருக்கு மேல் எழுந்து போனால் ஊரே புகழ்ந்தாலும் மாற்றிவிடுங்கள். அதுவரைக்கும் கேபிளில் கூடுதல் சேனலும் சேர்க்க வேண்டாம், எந்த ஆப்புக்கும் வருடச் சந்தாவும் கட்ட வேண்டாம்.